விமானியின் பணிமூப்பு நிறுவனத்தோடு மூழ்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகளுக்குப் பணிமூப்பு முறையே கூடாது, திறமையைப் பார்த்துத்தான் பதவி தர வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் 31 ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். என் தங்கை மகன் விமானி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விமான நிறுவனத்தில் சேர்ந்த நாளை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் விழுகிறது. எந்த ஊரில் இருப்பது, எந்த விமானம் ஓட்டுவது, எப்போது விடுப்பு, எப்போது கேப்டன் எல்லாவற்றையும் பல நிறுவனங்களில் அந்த எண்தான் முடிவு செய்கிறது. ஆனால் வரிசையில் தன் முறை வந்துவிட்டது என்பதற்காக யாரையும் கேப்டனின் இடப்பக்க இருக்கையில் உட்கார வைத்துவிடுவதில்லை. 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வுகள் எழுத வேண்டும். தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் கருவியில் தேற வேண்டும். அங்கே தோற்றவரை எந்த எண்ணும் காப்பாற்றாது. திறமைக்கு இடமே இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது நியாயமல்ல.

சரி, திறமையை அளப்பது யார்? நல்ல விமானி ஓட்டிய பயணத்தில் எதுவுமே நடப்பதில்லை. நடக்காததற்கு மதிப்பெண் போட முடியுமா? கடைசியில் மேலதிகாரிக்குப் பிடித்தவனே திறமைசாலி ஆவான்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, மாஞ்சோலை வண்டியை எடுக்கப் போனேன். பிரேக்குக்கான காற்றழுத்த முள் மேலே ஏறவே இல்லை. மணிமுத்தாறு தாண்டினால் மலைப்பாதை, எல்லாம் வளைவு. டியூட்டிச் சீட்டை மேசையில் வைத்து, வண்டியை எடுக்க மாட்டேன் என்றேன். அதிகாரி கத்தித் தீர்த்தார். ஆனால் பணிமூப்புப் பட்டியலில் என் பெயரை ஒரு வரிகூட அவரால் கீழே இறக்க முடியவில்லை. வானிலை சரியில்லை, உடம்பு களைத்திருக்கிறது, இன்று பறக்க மாட்டேன் என்று சொல்லும் விமானிக்கும் அந்தத் துணிச்சலைத் தருவது அந்த எண்தான். அதைப் பறித்துவிடாதீர்கள்.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. அந்த எண் ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். வாசலைத் தாண்டினால் பூஜ்யம். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது, விமானிகள் சேர்த்துவைத்த மூப்பும் அவற்றோடு போயிற்று. இணைப்பு நடந்தாலும் வம்புதான். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் ஒன்றான பிறகு, புதிய போயிங் 787 விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற சண்டை 2012 மே மாதம் வேலைநிறுத்தமாக வெடித்து ஜூலை வரை நீடித்தது. அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் இணைந்தன. ஒன்றாக்கிய மூப்புப் பட்டியலில் யார் முன்னால் என்பதற்காக இரு தரப்பு விமானிகளும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள்.

என் தங்கை மகன் வேலை பார்த்த நிறுவனமும் மூடப்பட்டது. அதற்கு முன் மூன்று மாதம் சம்பளம் வராமல் இருந்தும் அவன் வேறு இடம் தேடவில்லை. போனால் எண் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் முதலாளிக்கும் தெரியும். பிறகு இன்னொரு நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தான். ஆள் தட்டுப்பாடு வந்தால் நேரடியாகக் கேப்டனாக எடுப்பவர்களும் உண்டு; அவனுக்கு அது வாய்க்கவில்லை. விடுப்பு வரிசையில் கடைசி ஆள் என்பதால் தீபாவளிக்கு வர முடியவில்லை. பத்து நாள் கழித்து வந்தான். தங்கை டின்னில் எடுத்துவைத்திருந்த முந்திரிக்கொத்தை எடுக்க அலமாரியைத் திறந்தாள். அதே தட்டில் பழைய சீருடையின் தோள்பட்டைகள் இருந்தன, கேப்டனுக்குரிய நான்கு தங்கக் கோடுகளோடு. இப்போது அவன் அணிவது துணை விமானியின் மூன்று கோடு. அவன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தான்.

நிறுவனத்துக்குள் பணிமூப்பு இருக்கட்டும். ஆனால் ஒருவர் வேறு இடத்தில் கேப்டனாகப் பறந்த ஆண்டுகளில் ஒரு பங்கையாவது புதிய நிறுவனம் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே இருக்கும் இளையவர்கள் எதிர்ப்பார்கள் என்பது தெரியும். அவர்களுடைய முறை தள்ளிப்போகுமே என்ற கவலை நியாயமானதுதான். அதனால் எல்லோருக்கும் வேண்டாம், மூடப்பட்ட நிறுவனங்களின் விமானிகளுக்கு மட்டும் முதலில் செய்யலாம். விமானப் போக்குவரத்துத் துறை ஒரு விதி வகுத்தால் போதும். யார் எத்தனை மணி நேரம் பறந்தார் என்பது அவரவர் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
அம்பாசமுத்திரம்.