தோழனாக எழுந்து பேசப்போகும் மகனுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

இலண்டனில் நடக்கவிருக்கும் உன் நண்பனின் திருமண வரவேற்பில், மாப்பிள்ளைத் தோழனாக நின்று டோஸ்ட் (கிளாஸை உயர்த்திக் குடிக்கும்முன் சொல்லும் வாழ்த்துரை) சொல்லும் பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று அறிந்து நானும் அம்மாவும் மிகவும் மகிழ்ந்தோம். அவனுடைய தாயார் இங்கிருந்து புறப்படுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். அவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன் தோழனாக இருந்து சடங்குகளைச் செய்வானே தவிர, சபையில் பேசுவதில்லை. வாழ்த்துரையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆங்கிலேயரின் பழைய ஒழுங்கிலோ பெண்ணின் தகப்பன் முதலிலும், மாப்பிள்ளை அடுத்தும், தோழன் கடைசியிலும் பேசுவார்கள். நீ எழும்பும் நேரத்தில் சபை களைத்திருக்கும் என்பதால் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடு. ஆங்கிலத்தில் அறுநூறு சொற்களுக்கு மேல் எழுதாதே.

தோழன் மாப்பிள்ளையைக் கொஞ்சம் கேலி செய்வதை அங்கே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் பழைய காதல், குடி, கடன் ஆகிய மூன்றின் பக்கமும் போகாதே. நீ சொல்லும் பகிடியைப் பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொன்னால் அவனுடைய தாயார் சிரிப்பாரா என்று ஒவ்வொரு வரியிலும் யோசித்துப் பார். சிரிக்கமாட்டார் என்றால் அந்த வரியை வெட்டிவிடு.

சொல்வதற்கு உன்னிடம் நல்ல கதை இருக்கிறது. தகப்பன் காலமான பிறகு தாயார் அவித்த இடியப்பத்தை விடியற்காலையில் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்க் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, சட்டைக் கையில் மாவு ஒட்டியிருக்க, முதல் மணிக்கு முன்பே வகுப்பில் வந்து உட்கார்ந்தவன் அவன். அந்தச் சட்டைக் கையை நீ சொன்னால், அவன் எப்படிப்பட்டவன் என்பது பெண் வீட்டாருக்கு விளங்கிவிடும். ஆயினும் அது அவர்கள் வீட்டுக் கஷ்டத்தின் கதை. அவனிடமும் தாயாரிடமும் கேட்டு, இருவரும் சம்மதித்த பிறகே சபையில் சொல். தகப்பனாரை ஒரே ஒரு வாக்கியத்தில் நினைவுகூர்ந்துவிட்டு, சபை கலங்குவதற்கு முன் மணமகளைப் பற்றிப் பேசத் தொடங்கு. அவளைப் பற்றி உண்மையாகவே இரண்டு விடயங்களாவது நீ சொல்லவேண்டும். அவளுடைய பெற்றோரின் பெயர்களைச் சரியாக உச்சரிப்பதற்கு அவளிடமே கேட்டுப் பழகிக்கொள்.

கிளாஸில் வைன்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவனுடைய தாயார் அதைத் தொடமாட்டார்; அவர் வெறுங்கையோடு இருக்க மற்றவர்கள் கிளாஸ் தூக்குவது பெரிய அவமரியாதை. ஆகவே அவருடைய மேசைக்குப் பழச்சாறு ஊற்றும்படி ஹோட்டல்காரரிடம் முதலே சொல்லி, நீ எழும்புவதற்கு முன் எல்லா மேசைகளிலும் ஊற்றியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள். கடைசி வரி வந்ததும் எல்லோரையும் எழும்பச் சொல்லி, கிளாஸை உயர்த்தி, மணமக்களின் பெயரைத் தெளிவாகச் சொல். அந்த நேரம் மணமக்கள் இருவரும் உட்கார்ந்தபடியே இருக்கவேண்டும், தங்களுக்கான வாழ்த்துக்குத் தாங்கள் குடிக்கக்கூடாது. இதை நண்பனுக்கும் சொல்லி வை. (உன் அப்பப்பா வேலை செய்த, இங்குள்ள டொக்யார்ட் (கப்பல் தளம்) 1957 வரை பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. அந்தக் கடற்படையில் மன்னருக்கான டோஸ்டைக்கூட உட்கார்ந்தபடியே குடிப்பார்கள். பழைய கப்பல்களில் தலை நிமிர்த்த இடமில்லாததே காரணம் என்பார்கள். கலியாண மண்டபத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது.) உன் பேச்சு முடியும்வரை நீயும் குடிக்காதே.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் பேச்சு இழுபடும். கிளாஸை உயர்த்துவதற்குச் சற்று முன் அவனுடைய தாயாரைப் பார்த்துத் தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: மகனை வளர்த்ததற்கு நன்றியாக ஒன்று, மருமகளை வாழ்த்தச் சொல்லி ஒன்று. அந்த இரண்டையும் தாளைப் பார்க்காமல் சொல். எழுதியதும் எனக்கு அனுப்பிவை. அவர் விமானம் ஏறுவதற்கு முன் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா