சுலோசனா மறைந்து போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில் மௌனப் பட காலத்து நடிகைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் சுலோசனா என்ற ரூபி மயர்ஸுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி. பேசும் படம் வந்ததும் மொழி தெரியாமல் மறைந்து போனாராம். பக்கத்தில் போட்டிருந்த படமும் அவருடையது அல்ல. அது பிற்காலத்தில் இந்தி, மராத்திப் படங்களில் அம்மாவாக நடித்த சுலோசனா லட்கர். பெயர் ஒன்று, ஆட்கள் இருவர்.

படத்தை விட அந்த வரிதான் எனக்குப் பெரிய தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரூபி மயர்ஸ் 1907 இல் புனேயில் ஒரு பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் டெலிபோன் ஒப்பரேட்டராக வேலை செய்துகொண்டிருந்தவரைக் கோஹினூர் பிலிம் கம்பனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். குடும்பப் பெண்கள் படத்தில் நடிப்பது கௌரவக் குறைச்சல் என்றிருந்த காலம் அது. பவ்னானி விடவில்லை. கடைசியில் சம்மதித்தபோது நடிப்பைப் பற்றி ரூபிக்கு ஒன்றுமே தெரியாது. திரைக்காகச் சுலோசனா என்று பெயர் வந்தது. ஒன்றிரண்டு வருடத்தில் அவர் நாட்டின் முதல் வரிசை நட்சத்திரம். 1926 இல் வந்த ‘டெலிபோன் கேர்ள்’ படத்தில், தான் விட்டுவிட்டு வந்த அதே வேலையைத் திரையில் செய்தார். ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படமும் அதே வருடம்தான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணைத் திரையில் காட்டியவர்களில் அவர் முந்தியவர்.

பிறகு இம்பீரியல் கம்பனிக்கு மாறினார். 1927 இல் வந்த ‘வைல்ட் கேட் ஒஃப் பம்பாய்’ படத்தில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், பொலிஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் எல்லாம் அவரே. பம்பாய் ஆளுநரின் சம்பளத்தை விட அவருடைய சம்பளம் அதிகம் என்று அந்த நாளில் ஊரே பேசிக்கொண்டதாம்.

1931 இல் முதல் இந்திப் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்ததும் இதே இம்பீரியல்தான். தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. அதே வருடம் ஒக்டோபரில் வந்த நமது முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இம்பீரியல் ஸ்டூடியோவில்தான் உருவானது. டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். ராஜலக்ஷ்மிக்குப் பேசச் சொந்த மொழி இருந்தது. சுலோசனாவுக்கு அப்படி இல்லை. படம் கேட்ட ஹிந்துஸ்தானி அவருக்குச் சரளமாக வராது. வாய் திறக்கத் தேவையில்லாத நாளில் உச்சியில் இருந்தவருக்கு, வாய்தான் முக்கியம் என்று ஒரே வருடத்தில் ஆகிவிட்டது.

அப்போது அவர் செய்ததைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. நடிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டு ஹிந்துஸ்தானி படித்தார். படித்து முடித்துத் திரும்பி வந்து, தன் பழைய வெற்றிப் படங்களையே பேசும் படங்களாக மறுபடி நடித்தார். மௌனப் படத்தில் ‘இந்திரா பி.ஏ.’ ஆக இருந்தவள் 1934 இல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனாள். 1928 இல் பேசாமல் நடித்த அனார்கலியை 1935 இல் பேசி நடித்தார். 1936 இல் அந்த எட்டு வேடப் படம் ‘பம்பாய் கி பில்லி’ ஆனது. நடிகர் டி. பில்லிமோரியாவுடன் அவர் சேர்ந்த ஜோடி முப்பதுகள் முழுக்க ஓடியது. சொந்தமாக ஒரு படக் கம்பனியும் தொடங்கினார். இதையெல்லாம் செய்தவரை மறைந்து போனவர் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு ஏன் இவ்வளவு பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் எழுதுவினைஞர். 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிய சட்டம் வந்தது. 1961 இல் சிங்களத்தில் நிர்வாகம் நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது. வெள்ளவத்தை வீட்டில், இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு, நாங்கள் தமிழ் எழுதிப் பழகிய அதே கோடு போட்ட கொப்பியில் அவர் சிங்கள எழுத்துகளைப் போட்டுப் பழகுவார். நாங்கள் பார்த்தால் கொப்பியை மூடிவிடுவார். பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவை தேறினார். அதற்குள் வர வேண்டிய பதவி உயர்வு போய்விட்டது. அவரோடு வேலை பார்த்த சிலர் எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டு ஓய்வு பெற்றுக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

அப்பாவுக்குச் சட்டம் போட்ட கட்டாயம், சுலோசனாவுக்குத் தொழில் போட்ட கட்டாயம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வளர்ந்த பிறகு, பெயரும் இடமும் எடுத்த பிறகு, சிறுபிள்ளை போல ஒரு மொழியின் முன்னால் உட்காருவது என்ன பாடு என்று அந்த மேசையில் பார்த்தேன். அந்த ஒரு வருடத்தை ஒரு வரியில் அழித்துவிட முடியாது.

சரி, அனார்கலிக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு அனார்கலி என்றால் 1955 இல் வந்த படத்து அஞ்சலிதேவிதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு இந்தியில் பீனா ராய் நடித்த ‘அனார்கலி’ வந்தது. அதில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுகளை இலங்கை வானொலியின் இந்திச் சேவை ஓயாமல் போடும். என் அம்மா அர்த்தம் தெரியாமலே கூடப் பாடுவார். அந்தப் படத்தில் சலீமின் தாயாக, ராணி ஜோதாபாயாக வருபவர் யார் தெரியுமா? சுலோசனாதான். இரண்டு தடவை அனார்கலியாக நடித்தவர், மூன்றாம் தடவை அவளுடைய காதலனுக்குத் தாயானார். கதாநாயகி வேடங்கள் எப்போதோ நின்றுவிட்டன. அவர் நிற்கவில்லை. சின்னச் சின்ன வேடங்களாக எழுபதுகள் வரை நடித்தார். 1973 ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 1983 இல் பம்பாயில் காலமானார்.

அவர் உச்சியில் இருந்த காலத்துப் படங்களை இன்று பார்ப்பது அரிது. இந்தியாவில் எடுத்த 1,300 க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே உக்கியும் போகும். பிலிமில் இருந்த வெள்ளிக்காகவே அதை உருக்கி விற்றவர்களும் உண்டு. படமே இல்லாதபோது எழுத்தில் இருப்பதுதான் மிச்சம். அதுவும் பிழையாக இருந்தால் என்ன செய்வது?

இன்னொரு கோரிக்கை. நம் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார். 1947 இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி ருக்மணி தேவி. அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை. அந்தப் படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழர். ரூபி சுலோசனாவானதும் ராசம்மா ருக்மணி ஆனதும் சேர்த்து எழுதப்பட வேண்டிய கதைகள். அடுத்த இதழ்களில் ருக்மணி தேவியைப் பற்றியும், ‘காளிதாஸ்’ ராஜலக்ஷ்மி பற்றியும் விரிவாக எழுதச் சொல்லுங்கள். ராஜலக்ஷ்மி 1936 இல் ‘மிஸ் கமலா’வை இயக்கியவர் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதற்கு முன்னால், வரும் ஞாயிறே, சுலோசனாவின் சரியான படத்தைப் போடுங்கள். 2013 இல் இந்தியத் தபால் துறை சினிமா நூற்றாண்டுக்காக வெளியிட்ட முத்திரைகளில் அவருடைய முகமும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 6