நாகநதியும் மன உறுதியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன அழுத்தத்திற்கு மாத்திரையும் ஆலோசனையும் தேவைதான். ஆயினும், வறண்டு கிடந்த நாகநதியை மீட்க வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமப் பெண்கள் கூடி உழைத்ததையும் (2021 செப்டம்பரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் இது இடம்பெற்றது) இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்; கூலி பெற்ற வேலையே என்றாலும், பலரோடு சேர்ந்து உழைப்பது தனிமையைத் தளர்த்துகிறது.

மனைவியை இழந்து வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்த நான், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வேலூருக்கு வரும் குடும்பங்களுக்கு விடுதி, மருந்துக்கடை என வழிகாட்டத் தொடங்கிய பிறகுதான் (எனக்குத் தெரிந்த வங்கச் சொற்கள் பத்துதான்) இரவில் நிம்மதியாக உறங்கினேன். துயரம் நீங்கிவிடவில்லை, அதைச் சுமக்கும் வலு வந்தது.

என் போன்ற ஓய்வூதியர்கள் இத்தகைய பணிகளில் சேர, மாவட்ட நிர்வாகம் வட்டந்தோறும் தன்னார்வலர் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காட்பாடி.