தொடை இடுக்கு அரிப்பும் கைக்கு எட்டும் களிம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரூரில் ஒரு மருந்துக் கடையில் 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஒருவர் வருவார், பக்கத்தில் நிற்கும் பெண்கள் நகரும்வரை ஏதாவதொரு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு மேசைமேல் குனிந்து, "அந்த எடத்துல அரிப்புங்க, நல்ல ட்யூபா ஒண்ணு குடுங்க" என்பார்.

அந்த அரிப்பு பெரும்பாலும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று. அவர் கேட்கும் "நல்ல ட்யூப்" பெரும்பாலும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த களிம்பு. அதைத் தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால், குணமாகிவிட்டது என்றே நம்புகிறார்கள். உண்மையில் அடங்குவது நோயல்ல, பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் அழற்சிதான். தடுப்பாரில்லாத பூஞ்சை இடுப்புக்கும் பிட்டத்துக்கும் பரவுகிறது. வட்ட வட்டமாகத் தெரிய வேண்டிய விளிம்பும் கலைந்துபோவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. ஸ்டீராய்டால் தொடை இடுக்கின் தோல் மெலிந்து, வயிற்றுப் பிரசவ வரிகளைப் போன்ற கோடுகள் விழுந்துவிட்டால் அவை முழுமையாக மறைவதில்லை. விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டை முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு உறிஞ்சுகிறது என்பது 1967-லேயே கண்டறியப்பட்ட செய்தி. கையில் தடவும் மருந்தை அங்கே தடவலாமா என்பதற்கு அந்த ஓர் எண்ணே போதும்.

இத்தகைய களிம்புகளை நானும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. நடப்பில் காலி ட்யூபைக் காட்டினாலே சீட்டைக் காட்டியதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயரிடப்பட்ட வகையில், பல ஆண்டுகளாக நாம் நம்பியிருந்த டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படாதவை நிறைய. முன்பு இரண்டு வாரத்தில் அடங்கிய படர்தாமரைக்கு இப்போது ஒரு மாதத்துக்கு மேலும் மருந்து தேவைப்படுவதைச் சீட்டுகளிலேயே பார்க்கிறேன்.

அந்த இடத்து அரிப்பெல்லாம் படர்தாமரையும் அல்ல. படர்தாமரை வழக்கமாகத் தொடையின் உட்புறத்தில் வளைந்த விளிம்போடு பரவும், விதைப்பையை விட்டுவைக்கும். விதைப்பையும் சிவந்து, சுற்றிலும் சிறு கொப்புளங்கள் தெறித்தாற்போல் இருந்தால் அது கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தாலும் இது வரும் என்பதால், இரத்தச் சர்க்கரையின் அளவைப் பார்ப்பது நல்லது. அதிகம் அரிக்காத பழுப்புத் திட்டு பாக்டீரியாவால் வரும் எரித்ராஸ்மாவாக இருக்கலாம். மருத்துவர் பயன்படுத்தும் வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் அது பவளச் சிவப்பாக மின்னும். இரவில் உயிரை எடுக்கும் அரிப்பும், உறுப்பில் சிறு முடிச்சுகளும், வீட்டில் இன்னொருவர் சொறிந்துகொண்டிருப்பதும் சேர்ந்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிட்டால் பயனில்லை. அரிப்பு தாங்காமல் வீரியமான கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக்கொண்டு, தோல் வெந்து நடக்க முடியாமல் வந்தவர்களும் உண்டு. படர்தாமரையா என்று தெரிந்துகொள்ளத் தோலின் செதிளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் போதும், சில நிமிட வேலை.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பவர் ஜட்டியைக் காலில் நுழைத்து மேலே இழுக்கும்போது பூஞ்சையும் கூடவே ஏறுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே மருந்து வேண்டும். ஒரே துண்டை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துவதையும், ஜட்டியைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிழலில் உலர்த்துவதையும் (இதிலும் வெட்கம்தான்!) நிறுத்த வேண்டும். வியர்வையில் ஊறிக் கிடக்கும் அரைஞாண் கயிற்றைச் சிகிச்சை முடியும்வரை கழற்றிவைக்கச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதை அபசகுனமாகக் கருத வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போங்கள் என்றால் பலர் தயங்குவதற்குக் காரணம் கட்டணம் மட்டுமல்ல. தோல் சிகிச்சையும் பால்வினை நோய்ச் சிகிச்சையும் ஒரே மருத்துவத் துறையைச் சேர்ந்தவை. அந்த இரண்டு பெயரும் ஒன்றாக எழுதிய பலகைக்குக் கீழே வரிசையில் நிற்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, மறுபடியும் எங்கள் கடைக்கே வருகிறார்கள். புறநோயாளிகள் பிரிவின் வாசலில் "தோல் சிகிச்சை" என்று மட்டும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் கடைகளைச் சோதிக்கும்போது தூக்க மாத்திரைக் கணக்கைக் கேட்கும் அதே கண்டிப்போடு இந்தக் களிம்புகளின் விற்பனைக் கணக்கையும் கேட்க வேண்டும், எங்கள் கடை உட்பட.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கரூர்.