மோவாயில் அடிபட்டால் காதோரமும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்று உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் குழந்தைகளின் பல் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். எப்படித் தேய்ப்பது, எதைத் தின்னக் கூடாது, பால் பல் எப்போது விழும் எல்லாம் இருந்தது. பல்லைத் தாங்குகிற தாடை எங்கே மாட்டியிருக்கிறது, அந்த இடம் கெட்டால் என்ன ஆகும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டில் ஆறு வருஷம் அது தெரியாமல் போனதால் ஒரு குழந்தை பட்ட பாட்டை நீங்கள் அச்சில் போட்டால், இன்னொரு வீட்டுக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் கடலூர் வண்டிப்பாளையத்தில் தச்சு வேலை செய்கிறவன். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தனவே, அப்போது வாங்கி வந்த பலகையில் வீட்டுக்கு ஓர் ஊஞ்சல் செய்து மாட்டினேன். 2016 மே விடுமுறைக்கு வந்திருந்த என் மகளின் பெண், அப்போது அவளுக்கு நாலு வயது, அந்த ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்தாள். மோவாய் சிமெண்ட் தரையில் மோதி அடிப்பக்கம் கிழிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் நாலு தையல் போட்டார்கள். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, பல்லும் உடையவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். நாங்களும் பாடலீஸ்வரர் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

இரண்டு நாள் கழித்து 'காது வலிக்குது' என்று அழுதாள். காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். காதைத் தொட்டுக் காட்டியபோது அவள் விரலைக் காதின் துளையில் வைக்கவில்லை, காதுக்குச் சற்று முன்னால் வைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டினோம். பத்துப் பதினைந்து நாளில் வலி போயிற்று, எங்கள் கவலையும் போயிற்று.

வாய் திறக்க முடியாமல் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. 2018 விநாயகர் சதுர்த்திக்கு என் மனைவி கொழுக்கட்டை செய்தபோது, எல்லாப் பிள்ளைகளும் முழுசாகக் கடிக்க, இவள் மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பல்லிடுக்கில் தள்ளிக்கொண்டிருந்தாள். நாசூக்காகச் சாப்பிடுகிறாள் என்று சொல்லிச் சிரித்தோம். அப்புறம் ராத்திரியில் குறட்டை வந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு குறட்டை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மோவாய் வளராமல் உள்ளே போனதை, குடும்ப ஜாடை என்றார்கள். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனா; வெளியே போனால் முகக்கவசம். அவள் முகத்தைப் பார்க்க ஆளே இல்லை.

கடைசியில் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலித்ததால்தான் உண்மை தெரிந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பல் மருத்துவர், சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட முடியாமல் கையை எடுத்துவிட்டு, 'பல்லை அப்புறம் பார்ப்போம், வாய் எத்தனை நாளா இப்படி இருக்கு?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்கு அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஸ்கேல் வைத்து அளந்தபோது மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40 முதல் 50 வரை திறக்கும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் 35, 40 வர வேண்டும். புதுச்சேரியில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்ததும் சொன்னார்கள்: இடது பக்கத் தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருக்கிறது.

எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஊஞ்சலில் விழுந்தது மோவாயில், ஒட்டிக்கொண்டது காதோரத்தில். நான் தச்சன் என்று தெரிந்ததும், அங்கே மேல்படிப்பு படிக்கும் ஓர் இளம் டாக்டரம்மா பிளாஸ்டிக் மண்டை ஓட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 'உளியை எங்கே அடிக்கிறீங்க, மரம் எங்கே வெட்டுப்படுது ஐயா?' என்றார். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் உளியின் பிடியில் விழும், வெட்டு நுனியில் விழும். அதேதான். மோவாயில் விழுந்த அடி கீழ்த்தாடை எலும்பு வழியாகப் போய் அதன் இரண்டு நுனியிலும், அதாவது இரண்டு காதுக்கு முன்னாலும், போய் இடிக்கிறது.

நாங்கள் அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் போடுவதில்லை. கதவின் ஓரத்திலேயே குடுமி செதுக்கி, நிலையில் உள்ள குழியில் உட்கார வைப்போம். கீழ்த்தாடையும் அப்படித்தான் மாட்டியிருக்கிறது. தாடையின் மேல் நுனியில் உருண்டையாக ஒரு குடுமி, நெற்றிப்பொட்டு எலும்பின் அடியில் அதற்கொரு குழி. இரண்டுக்கும் நடுவில் வாஷர் மாதிரி நார்த்திசுவால் ஆன ஒரு தட்டு. ஆனால் எந்தத் தச்சனும் செய்ய முடியாத ஒரு வேலை இதில் இருக்கிறது. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது குடுமி இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறந்தால் தட்டோடு சேர்ந்து குழியை விட்டு முன்னால் வழுக்கி வருகிறது, மேசை டிராயர் மாதிரி. சுழல்வது தட்டுக்குக் கீழே, வழுக்குவது தட்டுக்கு மேலே. சுண்டுவிரலைக் காதுக்குள் லேசாக வைத்து, விரலின் வயிற்றுப் பக்கம் முகத்தைப் பார்க்க இருக்கும்படி வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அது நகர்வது விரலில் தட்டும். அறுபது வயதில்தான் நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தக் குடுமிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒல்லியான இடம் ஒன்று. குழியின் கூரையும் மெல்லியது, அதற்கு மேலே மூளை. அடி பலமாக விழுந்தால் பெரும்பாலும் கழுத்து ஒடிந்துபோகிறது, குடுமி மூளைக்குள் ஏறாமல் தப்பிக்கிறது. ஆனால் சின்னக் குழந்தைக்குக் கழுத்து குட்டையாக, குடுமி தடித்து மெத்தென்று, ரத்த ஓட்டம் நிறைந்து இருக்கும். அது ஒடியாமல் நசுங்குகிறது. மூட்டுக்குள் ரத்தம் கட்டுகிறது. வலிக்குப் பயந்து குழந்தை வாயை அசைக்காமல் வைத்திருக்க, கட்டிய ரத்தத்தில் புது எலும்பு வளர்ந்து குடுமியையும் குழியையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. கீழ்த்தாடை ஒற்றை எலும்பு என்பதால் ஒரு பக்கம் ஒட்டினாலே போதும். ஒரு குடுமி இறுகிய கதவு, இன்னொன்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் திறக்குமா?

சரி, காது ஏன் வலித்தது? இதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ரொம்ப வலித்தது. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது, மூன்று கிளையாகப் பிரிந்து முகத்துக்கு வருகிறது. கண் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றாவது கிளை மண்டை ஓட்டின் அடியில் முட்டை வடிவத் துளை வழியாக இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் ஒரு சின்ன நரம்பு தாடை மூட்டின் பின்னால் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. மூட்டின் வலியையும் அதுதான் சொல்கிறது, காதின் முன்பக்கம், காதுத் துளை, பொட்டு இவற்றின் உணர்ச்சியும் அதன் வழியாகத்தான் போகிறது. ஒரே கம்பியில் இரண்டு வீட்டு மணி. மூட்டு அழுதாலும் குழந்தை காது என்றுதான் சொல்லும். என் பேத்தி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மெல்லும் தசைகள் நாலு ஜோடி. பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தால் கட்டியாக எழும்புவது ஒன்று. பொட்டில் கை வைத்தால் தெரிவது இன்னொன்று, அது விசிறி மாதிரி விரிந்து தலைப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. மற்ற இரண்டும் தாடைக்கு உட்பக்கம், வெளியிலிருந்து இப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. அதில் ஒன்றுதான் குடுமியை முன்னால் இழுத்து வாயைத் திறக்க வைப்பது. நாலுக்கும் உத்தரவு போவது அந்த மூன்றாவது கிளையிலிருந்துதான். ஆனால் சிரிப்பதும் கண்ணை மூடுவதும் வேறு நரம்பு, ஏழாவது. அதன் கிளைகள் காதுக்கு முன்னால், மூட்டுக்கு மேலேயே ஓடுகின்றன. மூட்டைத் திறக்கப் போகிற கத்தி அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கத்தி தவறி அவற்றில் பட்டால் புருவம் தூக்க முடியாது, கண் முழுசாக மூடாது. இதையெல்லாம் சொல்லித்தான் என் மருமகனிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

2022 மே மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. வாய் திறக்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரிய வேலை. மெல்லிய கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துக்கொண்டேதான் மூச்சுக்குழாயில் குழாயை இறக்கினார்கள். ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து இடைவெளி உண்டாக்கி, மறுபடி ஒட்டாமல் இருக்கப் பொட்டுத் தசையில் ஒரு பட்டையைத் திருப்பி நடுவில் வைத்துத் தைத்தார்கள். விழித்ததும் டாக்டரம்மா அவளிடம் முதலில் கேட்டது வாயைத் திற என்று அல்ல. புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கி மூடு என்றார். இரண்டும் செய்தாள். என் மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பாடு. வாயைத் திறந்து பழகாவிட்டால் திரும்ப ஒட்டிவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக நடுவில் செருகச் சொன்னார்கள். ஒரு குச்சி 2 மில்லிமீட்டர். ஆபரேஷனுக்கு முன்னால் அவள் வாய் 3 குச்சி. ஆபரேஷன் மேசையில் திறந்தது 17 குச்சி. வீட்டுக்கு வந்து வலியில் அழுது நாலு நாள் விட்டதில் 11-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் நானே உட்கார்ந்தேன். குச்சியின் ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். முன்பல்லில் மட்டும் பாரம் விழாமல் கடைவாய்ப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒரு வருஷத்துக்கு மேல். ஆப்பு செருகுவது என் தொழில். அதைப் பேத்தியின் வாயில் செய்ய வேண்டி வந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. இன்றைக்கு 18 குச்சி. முறுக்கு கடிக்கிறாள். மோவாயை முன்னால் கொண்டுவரும் சிகிச்சையை வளர்ச்சி பார்த்து அப்புறம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் காத்திருந்தபோது வாய் திறக்க முடியாத இளைஞர்களையும் நிறைய பார்த்தேன். அது பாக்கும் பான் மசாலாவும் மென்று கன்னத்தின் உள்தோல் இறுகிப்போவது, மூட்டுக் கோளாறு அல்ல. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் பாருங்கள், இருசக்கர வண்டியில் அப்பாவுக்கு முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு போகிறார்கள். சடாரென்று பிரேக் போட்டால் மோவாய் நேராக ஹேண்டில் பாரில் இடிக்கும். தயவுசெய்து அப்படி நிற்க வைக்காதீர்கள்.

எந்தக் குழந்தைக்காவது மோவாயில் அடிபட்டால் தையலோடு விடாதீர்கள். காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கிறதா, வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறக்கிறதா, பல் முன்பு போலப் பொருந்திக் கடிக்கிறதா, காதிலிருந்து ரத்தம் வந்ததா என்று பாருங்கள். குழந்தையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி அதன் வாயில் நுழைகிறதா என்று அன்றைக்கும் பாருங்கள், காயம் ஆறிய பிறகு மாதா மாதமும் பாருங்கள். விரல் குறைந்துகொண்டே வந்தால் போக வேண்டிய இடம் காது மருத்துவர் அல்ல. பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு ஆறு வருஷம் தெரியாது. அங்கன்வாடி அக்காமார்களுக்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் தையல் போடும் செவிலியர்களுக்கும் இது தெரிந்தால், வாய் இறுகத் தொடங்கும் முன்னே பயிற்சி கொடுத்துத் திறக்க வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு நிபுணரைக் கொண்டு இதைப் பற்றி எழுத வையுங்கள். படம் போடும்போது தாடையை மட்டும் தனியாக வரையாமல் காதையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். காது இருந்தால்தான் மூட்டு எங்கே இருக்கிறது என்று தாய்மார்களுக்குப் பிடிபடும்.

பேத்தி பள்ளியில் படிப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி,
வண்டிப்பாளையம், கடலூர்.