ஹாலிவுட் நடிகை ஏவா கார்ட்னருக்கு, உங்கள் குரலைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஏவா அவர்களுக்கு,

நேற்று இரவு ஒரே பாட்டை நான்கு தடவை கேட்டேன். 1951இல் வந்த ‘ஷோ போட்’ படத்தில் நீங்கள் பாடுவதாக வரும் பாட்டு. படத்தில் ஒரு தடவை, இசைத்தட்டில் ஒரு தடவை, மறுபடி படம், மறுபடி இசைத்தட்டு. திரையில் அசைகிற உதடு உங்களுடையது, வருகிற குரல் அன்னெட் வாரன் என்ற பாடகியுடையது. இசைத்தட்டில் மட்டும் நீங்களே பாடியிருக்கிறீர்கள். அது உச்சத்துக்கு ஏறுகிற குரல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, மூச்சு கலந்து, பேச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வீடு அடங்கின பிறகு அடுப்படியில் ஒரு பெண் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி. படத்தில் நீங்கள் நடித்த, அடிபட்டு நிற்கிற ஜூலிக்கு அந்தக் குரல்தான் பொருத்தம். அது போதாது என்று எம்.ஜி.எம். ஸ்டுடியோ முடிவு செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் ஆரம்பித்துக் கணவர்களில் முடிக்கிறார்கள். எனக்கு உங்கள் குரலில் ஆரம்பிக்கத் தோன்றுகிறது. முதலில் ஒதுக்கப்பட்டது அதுதானே.

வட கரோலினாவின் கிராப்டவுனில், புகையிலை பயிரிட்ட குடும்பத்தில் ஏழாவது பிள்ளை நீங்கள். உங்கள் பதினைந்து வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா ஆசிரியைகளின் விடுதியைக் கவனித்துக் குடும்பத்தை ஓட்டினார். தட்டச்சு, சுருக்கெழுத்து கற்று ஏதாவது அலுவலகத்தில் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். நியூயார்க்கில் அக்கா கணவர் லாரி டார் எடுத்த புகைப்படம், ஐந்தாம் அவென்யூவில் அவருடைய ஸ்டுடியோ கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 1941இல் எம்.ஜி.எம்.காரர்கள் நடிப்புக்கான டெஸ்ட் எடுத்தார்கள். உங்கள் தெற்கத்திப் பேச்சு அவர்களுக்குப் புரியவே இல்லை. அதனால் ஒலி இல்லாமல், முகத்தை மட்டும் படம் பிடித்து ஹாலிவுட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு வருட ஒப்பந்தம், வாரத்துக்கு 50 டாலர். போய் இறங்கியதும் முதல் வேலை, ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து எடுப்பதற்கான பயிற்சி. பதினெட்டு வயதுப் பெண்ணிடம், ‘உன் முகம் போதும், நீ பேசாதே’ என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

நடிகர் மிக்கி ரூனியுடனான கல்யாணம் 1942 ஜனவரியில் நடந்து அடுத்த வருடமே முடிந்தது. கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தும் நீங்கள் அவரை மணக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

எனக்குக் கோபம் உங்கள் இரண்டாவது கணவர் ஆர்ட்டி ஷா மேல்தான். ஜாஸில் பெரிய மேதை, சரி. ஆனால் மனைவியின் படிப்பைச் சுட்டிக்காட்டிக் குறுக வைத்த மனிதர். நீங்களும் பல்கலைக்கழகப் பாடங்களில் சேர்ந்து படித்தீர்கள். நீங்கள் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாவலைக் குப்பை என்று திட்டினார். 1946இல் உங்களை விவாகரத்து செய்த கையோடு அந்த நாவலை எழுதிய பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார்! இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

அப்புறம் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. 1950இல் நியூயார்க்கின் கோபகபானா கேளிக்கை விடுதி மேடையில் பாட வாய் திறந்தார், சத்தமே வரவில்லை. குரல்நாணில் ரத்தக்கசிவு. ஊரெல்லாம் உங்களைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஏசிக்கொண்டிருந்த நேரம் அது. 1951 நவம்பர் 7இல் அவரை மணந்தீர்கள். அவருக்கு வாய்ப்புகள் வற்றிப்போனபோது, கொலம்பியா ஸ்டுடியோ தலைவரின் மனைவியிடம் போய் அவருக்காக ஒரு வேடம் கேட்டீர்கள். ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ படத்தின் அந்த வேடத்துக்கு 1954இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்குள் நீங்கள் இருவரும் பிரிந்திருந்தீர்கள். உங்களுக்காக நீங்கள் இப்படி யாரிடமாவது கேட்டீர்களா என்று அடிக்கடி யோசிப்பேன். ‘மொகாம்போ’வுக்கு உங்கள் பெயர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இருந்ததும் அதே வருடம்தான். அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

1957இல் விவாகரத்து ஆனபிறகும் பாசம் விடவில்லை. 1986இல் உங்களுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோது அவர் உதவிக்கு வந்தார். அவர்மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அங்கே கரைந்துபோகிறது.

லண்டன் வீட்டில், அந்தக் கடைசி வருடங்களில், ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு உங்கள் கதையை நீங்களே சொன்னீர்கள். 1990 ஜனவரி 25இல், 67 வயதில் காலமானீர்கள். அந்த வருடமே அது புத்தகமாக வந்தது. எனக்குப் பிடித்த பகுதிகள் ரூனியோ ஷாவோ வரும் இடங்கள் அல்ல. வெறுங்காலோடு புகையிலைக் காட்டில் திரிந்த பக்கங்கள். அங்கே அந்தப் பழைய ஊர்ப் பேச்சு இன்னும் இருப்பதுபோல் எனக்குப் படுகிறது.

இப்போது உங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்மித்ஃபீல்டில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஜூலியின் இன்னொரு பாட்டு பாக்கி இருக்கிறது. இன்றிரவு அதைக் கேட்பேன். படத்தில் இல்லை, இசைத்தட்டில்.

அன்புடன்,
உங்கள் ரசிகை