மகளிர் குழுக்களின் பொது அரவைக்கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊராட்சியின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து ஒரு பொது அரவைக்கூடம் அமைக்கிறோம். காரத்துக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று என இரண்டு அரவை இயந்திரங்கள், பாக்கெட்டின் வாயை ஒட்டும் ஒரு சீலிங் மெஷின், முத்திரையிட்ட தராசு, மும்முனை மின் இணைப்பு ஆகியவை தேவை. அதற்காகவே இந்த வேண்டுகோள்.

குழுவுக்குத்தான் பேங்க் கடன் கிடைக்கிறதே, அப்புறம் நன்கொடை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1989இல் தர்மபுரியில் தமிழகத்தின் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாத பெண்ணுக்கும், குழுவின் சேமிப்பையும் ஒழுங்கையும் நம்பிக் கடன் கிடைத்தது. ஆனால் அந்தக் கடன் ஆளாளுக்குப் பிரிந்துவிடும். ஒருவர் ஆடு வாங்குவார், ஒருவர் தையல் மெஷின் வாங்குவார், ஒருவர் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்டுவார். அதை நாங்கள் தப்பென்று சொல்ல மாட்டோம். பொது இயந்திரத்தையும் கடனில் வாங்கினால், முதல் பாக்கெட் விற்கும் முன்பே தவணை கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் பெண்கள் செய்வது சத்துமாவும் மிளகாய்த்தூளும் சாம்பார்ப்பொடியும். அரைக்க வெளி மில்லுக்குப் போகிறோம். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தால் சத்துமாவில் காரம் ஏறிவிடும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் மறுபடி நம்மிடம் வாங்குவாரா? வீட்டுக்கு வந்தால் பாக்கெட் போடும் வேலை. கவரின் வாயை ஆக்சா பிளேடில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டுகிறோம். கை கொஞ்சம் தயங்கினாலும் ஓட்டை விழுந்துவிடும். அந்த வழியாக ஈரம் ஏறி மாவு கட்டிதட்டும், வண்டு வரும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். ருசியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை!

கட்டடத்தை ஊராட்சி ஒதுக்கித் தந்துவிட்டது. வெள்ளையடிப்பதும் தரையைச் சரிசெய்வதும் எங்கள் உழைப்பு. சேமிப்பிலிருந்தும் ஒரு பங்கு போடுகிறோம். அவசரத்துக்கு உறுப்பினர்கள் எடுக்கும் உள்கடன் நின்றுவிடக் கூடாது என்பதால் அதற்கு மேல் தொடவில்லை. கூடம் ஓடத் தொடங்கியதும் அரவைக் கூலியே மின்கட்டணத்துக்கும் ரிப்பேருக்கும் போய்விடும். வருஷா வருஷம் உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டோம். விற்ற காசு அந்தந்தப் பெண்ணின் பெயரில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும், கணவர் கணக்கு கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பணத்தைக் கூட்டமைப்பின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கேட்பது எங்கள் தலைவியே ஆனாலும் கையில் தர வேண்டாம். ரசீது உண்டு. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். நீங்களும் வந்து கேள்வி கேட்கலாம். வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களிடம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல நிலையில் உள்ள பழைய தராசு, சீலிங் மெஷின் இருந்தாலும் தரலாம். வயரிங் தெரிந்தவர்கள் ஒரு நாள் வேலை செய்து கொடுத்தால், அதையும் நன்கொடைப் புத்தகத்தில் எழுதுவோம்.

இப்படிக்கு,
பொது அரவைக்கூட அமைப்புக் குழு,
ஊராட்சி மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு